பலெர்மோ: கோட்டையிலிருந்து கடல்வரை ஒரு நடை

கோடை விடுமுறையில் உறவினரைக் காணச் சிசிலித் தீவுக்குச் செல்லும் எம்மவர் பலர், பலெர்மோவில் பல நாள் தங்கியும் உறவினர் வீட்டையும் கடற்கரையையும் அன்றி வேறெதனையும் காணாது திரும்புகின்றனர். பழைய நகரின் முக்கிய பகுதிகளை ஒரே நாளில் நடந்தே கண்டுவிடலாம். எங்கே தொடங்குவது என்பதை அறிந்தாற் போதும்.

நகரின் முதுகெலும்பு 'கஸ்ஸாரோ' எனப்படும் நேர்வீதி. கோட்டை எனப் பொருள்படும் 'அல் கஸ்ர்' என்ற அரபுச் சொல்லின் திரிபு அது. இன்றைய பெயர் வித்தோரியோ இமானுவேலே வீதி. போர்த்தா நுவோவா என்ற வாயிலிலிருந்து கடலை நோக்கிச் சரிகிறது. ஆதலால் மேலிருந்து கீழ்நோக்கி நடப்பதே முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இலகு.

வாயிலருகே நோர்மன் அரண்மனை. 831இல் அரபியர் கைப்பற்றிய நகரை 1072இல் நோர்மன்கள் வென்றனர். எனினும் தோற்றவர்களின் கலைஞர்களைத் துரத்தவில்லை. இரண்டாம் ரோஜர் மன்னன் எழுப்பிய அரண்மனைச் சிற்றாலயத்தில், கிரேக்க மரபுப் பொன்னிறக் கற்பதிப்பு ஓவியங்களுக்கு மேலே இஸ்லாமிய மரபில் செதுக்கிய மரக்கூரை விரிகிறது. கட்டணம் உண்டு, காலையிலேயே சென்றுவிடுங்கள். கீழே பேராலயத்தின் தென்மண்டபத் தூணொன்றில் குர்ஆன் வாசகம் இன்றும் அழியாதுள்ளது.

பின் வலப்புறம் திரும்பிப் பல்லரோ சந்தையைப் பாருங்கள். முற்பகலே உகந்தது. மீன், மரக்கறிக் கடைகளின் நெருக்கத்தில் பணப்பையை முன்புறமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மக்வேதா வீதிக்கு வந்தால், செந்நிறக் குமிழ்மாடங்கள் கொண்ட சான் கத்தால்தோ ஆலயமும் நான்கு மூலைச் சந்தியும் அருகருகே உள்ளன.

மக்வேதா வீதியின் கீழ்ப்புறத்துச் சந்துகளில் சுவர்களை நிமிர்ந்து பாருங்கள். வீதிப்பெயர்கள் இத்தாலியம், எபிரேயம், அரபு ஆகிய மூன்று மொழிகளில் உள்ளன. முற்காலத்தில் யூதர் வாழ்ந்த பகுதி அது. சிசிலியின் முஸ்லிம்களை இரண்டாம் பிரெடெரிக் மன்னன் 1220களில் தொடங்கித் தென்னித்தாலியின் லுச்சேராவுக்கு நாடுகடத்தினான். யூதரை 1492ஆம் ஆண்டின் அரச கட்டளை வெளியேற்றியது. துரத்தப்பட்டோரின் எழுத்து நூற்றாண்டுகள் கடந்து அதே வீதிக்கு மீண்டிருக்கிறது. மொழியின் பெயரால் ஊரிழந்த எமக்கு அப்பலகை வெறும் வழிகாட்டியன்று. பிள்ளைகளை நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள், காரணத்தையும் கூறுங்கள்.

மறுநாள் நேரமிருப்பின் பெல்லெக்ரினோ மலையேறலாம். 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவராகப் போற்றப்படும் புனித ரொசாலியாவின் குகைக்கோயில் அங்குள்ளது. பலெர்மோ வாழ் தமிழர், இந்துக்களும் கத்தோலிக்கருமாக, நடந்தே சென்று வழிபடும் தலம் இது.

சில குறிப்புகள்: வழவழத்த கற்பாதைகளில் வழுக்காத சப்பாத்து அணியுங்கள். தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். பல ஆலயங்கள் நண்பகலில் பூட்டப்படும். அவ்வேளையில் வெயிலைத் தவிர்த்து ஓய்வெடுங்கள். கடவுச்சீட்டோ அகதிப் பயணப் பத்திரமோ எப்போதும் கைவசம் இருக்கட்டும். புகலிடக் கோரிக்கைக்கு முடிவு கிடைக்காதவர்கள் எல்லை கடந்தால் வழக்குப் பாதிக்கப்படலாம். அத்தகையோர் சட்டத்தரணியைக் கேளாது புறப்படவேண்டாம்.