மாடுபிடி வீரரும் அவர்தம் உரிமையும்

1955ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில், கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடிய மாணவர் ஒருவர் களத்திலே தலையில் அடிபட்டு மாண்டார். அவருடைய மனைவி தொழிலாளர் நஷ்ட ஈடு கோரினார். கல்லூரி கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை, ஆகவே ஆடியவர் அதன் தொழிலாளி அல்லர் என்று மாகாணத்து உயர்ந்த நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. அந்த விதவைக்கு ஒரு காசும் கிட்டவில்லை. 'மாணவர்' என்ற பெயரே அக்குடும்பத்தின் பிழைப்பைத் தீர்மானித்துவிட்டது.

அவ்விவாதம் அந்நாட்டில் இன்னும் ஓயவில்லை. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 13க்கு 2 என்ற வாக்கில் தொழிற்சங்கம் சேரத் தீர்மானித்தார்கள். கல்லூரி பேச மறுத்தது. வருஷக் கடைசியில் மனு வாபஸ் பெறப்பட்டது. 2025 ஜூனில் ஒரு நீதிமன்றம் அங்கீகரித்த உடன்படிக்கையின்படி, கல்லூரி ஒவ்வொன்றும் முதல் வருஷத்தில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம். ஆயினும் வீரர் தொழிலாளியா அல்லரா என்ற வினாவை அவ்வுடன்படிக்கையும் தீர்க்கவில்லை.

கடல் கடந்த இவ்வழக்கு மதுரைவாசிகளுக்கு எதற்கு என்று கேட்பீர்களாயின், தை மாதத்தை நினைத்துப் பாருங்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் காளையின் திமிலைப் பற்றும் இளைஞர்களுள் கல்லூரி மாணவரும் உண்டு. கூலிவேலை செய்வோரும் உண்டு. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பரிசு உண்டு. முதல் வீரருக்கு மோட்டார் கார் கொடுக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. ஆனால் கார் ஒருவருக்கே. அன்று களமிறங்கிய நூற்றுக்கணக்கானவருள் குத்துப்பட்டு மதுரை அரசு இராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போகிறவரின் கதி யாது?

2023 ஜனவரியில் பாலமேட்டில் ஓர் இளைஞர் மாண்டார். 2025 ஜனவரியில் அவனியாபுரத்தில் இன்னொருவர் மாண்டார். பாலமேட்டு இளைஞரின் குடும்பத்துக்கு முதலமைச்சரின் நிவாரண நிதியிலிருந்து 3 லட்சம் ரூபாய் அளிக்கப்பட்டது. அளித்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால் அது கருணையால் வந்த தொகையேயன்றி, உரிமையால் வந்ததன்று. இவ்வருஷம் 3 லட்சம் தந்த கை மறுவருஷம் ஒரு லட்சம் தந்தால், பெற்ற தாய் எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பாள்?

அப்படியானால் வீரர்களைச் சம்பளக்காரராக்கி விடலாமே என்று சில நண்பர்கள் கூறுகிறார்கள். அதற்கு நாம் உடன்படவில்லை. தொழிலாளிக்கு எஜமானன் வேண்டும்; மாடுபிடி வீரருக்கு எஜமானன் யார்? விழாக் குழுவா, மாவட்ட நிர்வாகமா, காளையின் சொந்தக்காரரா? வருஷத்தில் சில நாள் களமிறங்குவதற்குச் சம்பளம் பேசினால், நாளை ஒப்பந்தக்காரர் ஒருவர் முளைப்பார். குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பார். ஊர்த் திருவிழா அவருடைய வியாபாரமாகிவிடும். வீரர் விரும்பி வருகிறார் என்பதே இவ்விளையாட்டின் மானம். அதை விலைபேச வேண்டாம்.

ஆனால் விரும்பி வந்தவனுக்கு நேர்ந்த விபத்துக்குப் பிறர் பொறுப்பாளியல்லர் என்று வாதிப்போரையும் நாம் ஏற்க முடியாது. ஆலைக்குச் சென்ற தொழிலாளியும் தன் விருப்பப்படியே சென்றான். அப்படியிருந்தும் 1923இல் நம் நாட்டில் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தது. இங்கோ சர்க்கார் அனுமதி கொடுக்கிறது, வைத்தியர் சோதிக்கிறார், இலக்கமிட்ட சட்டையை மாட்டுகிறார்கள், எத்தனை தூரம் திமிலைப் பற்ற வேண்டுமென்றும் விதி வகுத்திருக்கிறார்கள். களத்தை இவ்வளவு தூரம் ஆளுகிறவர்கள், அக்களத்தில் சிந்தும் இரத்தத்துக்கு மட்டும் அந்நியராக முடியுமா?

ஆகவே வீரர்கள் சங்கம் சேர வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். தொழிற்சங்கமாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. விளையாட்டுக்கான சங்கங்களைப் பதிவுசெய்ய 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டமே இடமளிக்கிறது. அச்சங்கம் மூன்று காரியங்களைக் கேட்கட்டும். காளை அவிழ்க்கப்படுமுன்பே ஒவ்வொரு வீரரின் பெயரிலும் உயிருக்கும் உறுப்புக்கும் காப்பீடு செய்யப்பட்டிருக்க வேண்டும். அதன் கட்டணத்தை, விளம்பரப் பலகை கட்டும் வியாபாரிகள் தரும் பணத்திலிருந்து விழாக் குழு செலுத்த வேண்டும். இரண்டாவது, காயம்பட்டவர் வேலைக்குத் திரும்பும்வரை இழக்கும் கூலிக்கு ஈடு வேண்டும். மூன்றாவது, விதிகளை வகுக்கும் கூட்டத்தில் வீரர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிக்கு ஓர் ஆசனம் வேண்டும்.

சட்டம் இடங்கொடுத்த பிறகு சேரலாம் என்று காத்திருப்பது வீண். 1918இல் வாடியாவும் திரு. வி. க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, அதற்குத் துணைநிற்கும் சட்டம் ஒன்றும் இருக்கவில்லை. ஆலை முதலாளிகள் வாடியா மீது வழக்கே தொடுத்தார்கள். தொழிற்சங்கச் சட்டம் வந்ததோ 1926இல். சங்கம் முந்தியது, சட்டம் பிந்தியது.

2014இல் ஜல்லிக்கட்டு தடைப்பட்டபோது தமிழ் இளைஞர் வாளாவிருக்கவில்லை. 2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் மதுரைத் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் இரவு பகலாகக் கூடினார்கள், சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. 2024இல் கீழக்கரையில் பெருஞ்செலவில் அரங்கமும் எழுந்தது. காளைக்காக இவ்வளவு செய்த ஜனங்கள், அக்காளையின் எதிரே நிற்கும் மனிதனுக்காக ஒரு சங்கம் அமைக்கப் பின்வாங்குவார்கள் என்று நாம் நம்பவில்லை. அடுத்த தை பிறக்குமுன் ஊர்ப் பெரியோரும் வீரர்களும் கூடிப் பேசட்டும். வாலிபர்களைத் திரட்டும் தேச ஊழியர்கள் அதற்கு முன்னிற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.