தெட்சணாமூர்த்தியின் தவிலும் எமது கடமையும்

யாழ். குடாநாட்டின் தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பிரிவில் அடங்கும் அளவெட்டிக் கிராமம் நாதஸ்வர, தவில் கலைஞர்களால் பெயர்பெற்றது. தவில் மேதை யாழ்ப்பாணம் வி. தெட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊரும் அதுவே. ஈழத்து மேளக்கலையின் புகழைக் கடல் கடந்து நிலைநாட்டிய அக்கலைஞரின் வாசிப்பை எமது இளந்தலைமுறையினருள் எத்தனை பேர் கேட்டிருப்பர்?

1933 ஆகஸ்ட் மாதம் இணுவிலில் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்த அவர், இளமையிலேயே தவிலைக் கையிலெடுத்தார். பின்னர் தமிழகம் சென்று நாச்சியார்கோவில் ராகவப்பிள்ளையிடமும் பயின்றார். அளவெட்டி என். கே. பத்மநாதன் போன்ற ஈழத்து நாதஸ்வரக் கலைஞர்களுக்கும், தமிழகத்தின் முன்னணி வித்துவான்களுக்கும் வாசித்துப் பெரும்புகழ் ஈட்டினார். 1975 மே மாதம், 41 வயதிலேயே அவர் மறைந்தமை தமிழிசை உலகுக்கு நேர்ந்த பேரிழப்பாகும்.

பலா மரத்தைக் குடைந்து செய்யப்படும் தவிலின் ஒரு பக்கத்தைக் கழியாலும், மறுபக்கத்தைக் கூடுகள் அணிந்த விரல்களாலும் வாசிப்பர். பெரும் ஓசை எழுப்பும் இவ்வாத்தியத்தில் நுட்பமான கணக்குகளைத் தெளிவு குன்றாது வெளிப்படுத்துவது எளிதன்று. வேகத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே கேட்கவேண்டும். அந்த ஆற்றலே தெட்சணாமூர்த்தியின் சிறப்பாகும்.

இத்தகைய கலைஞர் வெற்றிடத்தில் தோன்றுவதில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெற்ற மேளச்சமாக்களே அவரை வளர்த்த அரங்குகள். உபயகாரர் போட்டியிட்டுக் கலைஞர்களை அழைத்தனர். வீதியில் அமர்ந்திருந்த சாதாரண மக்களும் தாளம் தப்பாது கேட்டனர். இவ்விசை ஒரு சமயத்தவருக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. திருவரங்கத்தில் வாழ்ந்த இஸ்லாமியரான ஷேக் சின்னமௌலானா நாதஸ்வரத்தின் உச்சத்தை எட்டி, 1998 இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றமை இங்கு நினைவுகூரத்தக்கது.

தெட்சணாமூர்த்தி பிறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1932 இல், கனடாவின் ரொறன்ரோ நகரில் பிறந்தவர் புகழ்பெற்ற பியானோ கலைஞர் கிளென் கூல்ட். 1964 இல் மேடைக் கச்சேரிகளைக் கைவிட்ட அவர், ஒலிப்பதிவுக் கூடத்தையே தமது அரங்காக்கிக்கொண்டார். ஜேர்மானிய இசைமேதை பாஹ்வின் ஒரே படைப்பை 1955 இலும் 1981 இலும் அவர் பதிவு செய்தார். அவ்விரு பதிவுகளையும் இன்றும் எவரும் ஒப்பிட்டுக் கேட்கலாம். 1982 இல் அவர் மறைந்தபோதும் இசை மறையவில்லை.

எமது கலைஞருக்கோ அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவர் வாசித்த இரவுகளுள் பெரும்பாலானவை காற்றோடு கலந்துவிட்டன. எஞ்சிய பதிவுகள் மிகச் சொற்பமே. இதற்குப் போரும் ஒரு காரணமாகும். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் தமது வீடுகளையும் கோயில்களையும் விட்டு வெளியேற நேர்ந்தது. மேளங்கள் முழங்கிய மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிற் சூழல் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்களும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். இடம்பெயர்ந்தோர் காணியையும் வீட்டையும் மட்டுமா இழந்தனர்? பெட்டிகளில் இருந்த ஒலிநாடாக்கள், புகைப்படங்கள், கடிதங்கள் என ஒரு சமூகத்தின் ஞாபகமே சிதறியது. 2009 இன் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. ஞாபகத்தை மீட்பது அவ்வளவு எளிதன்று.

எனினும் காலம் முற்றாகக் கடந்துவிடவில்லை. இயக்குநர் அம்ஷன் குமார் தெட்சணாமூர்த்தி பற்றி எடுத்த ஆவணப்படம் இந்திய தேசிய விருதைப் பெற்றது. தனி ஒருவரின் முயற்சி இத்துணை பயன் தருமாயின், நிறுவனங்கள் கைகோத்தால் எவ்வளவோ சாதிக்கலாம். புலம்பெயர்ந்தோர் வீடுகளிலும் ஊரில் எஞ்சிய வீடுகளிலும் உள்ள பழைய நாடாக்களைத் திரட்டி, எண்ணிம வடிவுக்கு மாற்றி, யாவரும் கேட்கும்படி வைத்தல் வேண்டும். யாழ். பல்கலைக்கழக இசைத்துறை இதில் முன்னின்று செயற்படலாம். அச்சமாக்களை நேரிற் கேட்ட முதியோரின் வாய்மொழியையும் பதிவு செய்தல் அவசியம். அவர்களுள் பலர் இன்று எம்மிடையே இல்லை. நாடாக்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது.

சிலைகளும் நினைவு விழாக்களும் வேண்டாம் என்பதல்ல எமது கருத்து. ஆனால், ஓர் இசைக் கலைஞனுக்குச் செய்யும் முதல் மரியாதை அவனது இசையைக் கேட்பதாகும். அதற்கு அந்த இசை எமது கையில் இருக்கவேண்டும்.