கை நுழையாத இடத்தில் நாலு பிளக்

போன வார எபிசோட் ஏன் ஒரு நாள் லேட்டுன்னு கேட்டவங்களுக்குப் பதில்: என் 2013 டொயோட்டா 86-க்கு ஸ்பார்க் பிளக் மாத்திக்கிட்டு இருந்தேன்.

பல நாலு சிலிண்டர் கார்களில் பானட்டைத் திறந்தால் பிளக் மேலேயே இருக்கும். 86-ல் இருப்பது சுபாருவின் பாக்ஸர் இன்ஜின். சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். எடை தாழ்வாக இருப்பதால்தான் வளைவில் கார் அவ்வளவு அழகாகத் திரும்புகிறது. அதே காரணத்தால் பிளக்குகள் பக்கவாட்டில், சேஸிஸைப் பார்த்தபடி இருக்கின்றன. நடுவில் கை நுழைவதே கஷ்டம்.

ஏர் பாக்ஸ், பேட்டரி, காயில் எல்லாம் கழற்றியாச்சு. சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் சேர்த்து மாட்டினால் உள்ளே போகாது. முதலில் சாக்கெட்டைக் குழிக்குள் விட்டு, பிறகு எக்ஸ்டென்ஷன், கடைசியில் ராட்செட்.

உண்மையான பயம் புதுசு போடும்போதுதான். பிளக்கின் மரை உருக்கு, ஹெட் அலுமினியம். கோணலாக ஏற்றினால் ஹெட்தான் வீணாகும். அதனால் இன்ஜின் நன்றாக ஆறினபிறகு, ராட்செட் இல்லாமல் விரலால் மட்டும் சுற்றணும்.

நாலாவது பிளக் அரைச் சுற்றிலேயே இறுகியது. ரெக்கார்டிங்குக்கு ஒரு மணி நேரம்தான் பாக்கி. "கொஞ்சம் அழுத்தினா போயிடும்" என்றது மனசு. அழுத்தவில்லை. பின்பக்கமாக மெதுவாகத் திருப்பினேன். மரை லேசாக 'டக்' என்று விழுந்தது. அப்புறம் விரலிலேயே கடைசிவரை போனது. மேனுவல் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச், அவ்வளவுதான்.

எபிசோட் லேட், மன்னிச்சுக்கோங்க. ஹெட் தப்பிச்சுது.