பிச்சாவரத்தின் மூன்றாவது மரம்

சென்ற ஆண்டு மேல்வகுப்பு மாணவியரைப் பிச்சாவரத்திற்கு அழைத்துச் சென்றிருந்தோம். படகு குறுகலான ஒரு வாய்க்காலில் திரும்பியபோது ஒரு மாணவி, தலைக்கு மேல் தாழ்ந்திருந்த கிளையைக் காட்டி, "டீச்சர், இது சிறிய இலைச் சுரபுன்னையா, பெரிய இலைச் சுரபுன்னையா? இரண்டின் சாயலும் இருக்கிறதே!" என்று கேட்டாள். நான் இலையைப் பார்த்தேன், பூவைப் பார்த்தேன், விடை சொல்ல இயலவில்லை. "பள்ளிக்குப் போனதும் சொல்கிறேன், அம்மா" என்றேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே அமைந்தது பிச்சாவரம் அலையாத்திக் காடு. சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இந்தச் சதுப்புநிலக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் படகில் செல்வோர் கண்ணில் முதலில் படுவது சுரபுன்னை. நாற்புறமும் வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றிய வேர்களைக் கொண்டே அதனைக் கண்டுகொள்ளலாம். அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, பிறகு நீரில் விழுந்து தனக்கோர் இடம் தேடிக்கொள்கிறது.

தோற்றம் மட்டும் போதுமா?

பிச்சாவரத்துச் சுரபுன்னையில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று ரைசோபோரா அப்பிக்குலேட்டா. இதன் இலை குறுகலானது. பூக்கள் பெரும்பாலும் குட்டையான காம்பில் இரண்டிரண்டாக இருக்கும். இதழில் மயிர் இராது. மற்றொன்று ரைசோபோரா முக்ரனேட்டா. இதன் இலை அகன்றது, பூக்கள் கொத்தாகத் தொங்கும், இதழின் ஓரத்தில் மயிர் அடர்ந்திருக்கும், முளைவிதையும் நீளமானது.

இவ்வளவு வேறுபாடுகள் இருக்கும்போது குழப்பம் ஏன் என்று கேட்பீர்கள். இலையின் அளவு உப்பின் அளவையும் வெயிலையும் பொறுத்து மாறுகிறது. பூவும் காயும் எல்லாக் காலத்திலும் கிடைப்பதில்லை. இளங்கன்றில் அவற்றைத் தேடவே முடியாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, இரண்டு இனங்களும் தம்முள் கலந்து ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டால், அது தாயையும் ஒத்திருக்கும், தந்தையையும் ஒத்திருக்கும். அப்படி ஒரு மூன்றாவது மரம் பிச்சாவரத்தில் உண்மையிலேயே இருக்கிறது.

இம்மரத்தை முதலில் ரைசோபோரா லமார்க்கி என்னும் கலப்பினமாகக் கருதினார்கள். லமார்க்கியின் பெற்றோரில் ஒன்று அப்பிக்குலேட்டா, மற்றொன்று ஸ்டைலோசா. ஆனால் ஸ்டைலோசா பிச்சாவரத்தில் வளர்வதே இல்லை! ஊரிலேயே இல்லாத ஒருவருக்கு இங்கே பிள்ளை பிறந்தது எப்படி? 1995-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கதிரேசன் இதற்கு ரைசோபோரா அண்ணாமலயானா என்ற தனிப்பெயர் சூட்டினார். பெயர் கிடைத்தது, பெற்றோர் யார் என்பதற்குச் சான்று வேண்டியிருந்தது.

இலைக்குள் எழுதிய சான்றிதழ்

ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளே அதில் மாறிமாறி வருகின்றன. நெருங்கிய உறவுடைய இரு இனங்களில் இந்த எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஆங்காங்கே சில இடங்களில் மட்டும் வேறுபடும். அந்த இடங்களையே மரபணுக் குறிகள் என்கிறோம். வெயிலோ உப்போ அவற்றை மாற்றுவதில்லை. இளங்கன்றிலும் அவை உள்ளன. முதிர்ந்த மரத்திலும் அவையே.

அவற்றைப் படிப்பது எப்படி? இலையை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார்கள். அலையாத்தி இலைகளில் துவர்ப்புப் பொருள் மிகுதி. அது ஒட்டிக்கொண்டு தொல்லை தருவதால் இந்த முதற்படியே கடினமானது. அடுத்து, பத்து எழுத்துகள் கொண்ட சிறு டி.என்.ஏ. துண்டு ஒன்றைச் சேர்க்கிறார்கள். நீண்ட இழையில் அது எங்கெங்கே பொருந்துகிறதோ, அந்த இடங்களுக்கு நடுவில் உள்ள பகுதிகள் மட்டும் நகலெடுக்கப்படும். வெப்பத்தைக் கூட்டியும் குறைத்தும் செய்யும் இந்த நகலெடுப்பு முறையை 1983-ல் கண்டவர் கேரி முல்லிஸ். அதற்காக 1993-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, முப்பது சுற்றில் எத்தனை என்று கணக்கிட்டுப் பாருங்கள். நூறு கோடியைத் தாண்டிவிடும்!

வீட்டில் கடற்பாசி காய்ச்சி உறைய வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய பாசியிலிருந்து எடுத்த அகரோஸ் என்னும் பொருளால் ஒரு கூழ்ப்பலகை செய்து, அதன் ஒரு முனையில் நகல்களை இட்டு மின்சாரம் செலுத்துகிறார்கள். எதிர்மின்னேற்றமுடைய டி.என்.ஏ. நேர்முனையை நோக்கி நகர்கிறது. சிறிய துண்டுகள் விரைந்து முன்னே செல்லும், பெரியவை பின்தங்கும். சாயமேற்றிப் புற ஊதா ஒளியில் பார்த்தால், ஏணிப்படிகள்போல் கோடுகள் ஒளிரும்.

அப்பிக்குலேட்டாவுக்கு மட்டும் உரிய கோடுகள் சில. முக்ரனேட்டாவுக்கு மட்டும் உரியவை சில. மூன்றாவது மரத்தில் இருவகைக் கோடுகளும் சேர்ந்து தோன்றினால் அது இருவரின் பிள்ளை என்று அறியலாம். ஒரு கோட்டை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. பல கோடுகள் ஒத்துவர வேண்டும். இந்த முறையையும், டி.என்.ஏ.வை நொதியால் வெட்டி ஒப்பிடும் மற்றொரு முறையையும் கொண்டு சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்த ஆய்வு 1997-ல் வெளியாயிற்று. பிச்சாவரத்தின் கலப்பு மரத்திற்கு அப்பிக்குலேட்டாவும் முக்ரனேட்டாவுமே பெற்றோர் என்பது உறுதியாயிற்று.

ஒரு நுட்பம் இங்கே கவனிக்கத்தக்கது. இலையின் பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகத்திற்கும் தனி டி.என்.ஏ. உண்டு. பூக்கும் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் அது தாயிடமிருந்தே வருகிறது. ஆகவே அதை மட்டும் படித்தால் கலப்பினம் தாயின் இனமாகவே தோன்றி நம்மை ஏமாற்றிவிடும். இருவரின் பங்கும் சேர்ந்த உட்கருவின் டி.என்.ஏ.வையும் படித்தாலே முழு உண்மை தெரியும். பத்தெழுத்து முறையில் ஓர் ஆய்வகத்தின் முடிவு மற்றோர் ஆய்வகத்தில் சற்றே மாறுவதும் உண்டு. அதனால் இந்நாளில் எழுத்துகளை வரிசையாகவே படித்துவிடும் முறைகள் பெருகியுள்ளன.

பெயர் தெரிந்து என்ன பயன்?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா இதற்கு விடை கூறுகிறது. அங்கே ஸ்பார்ட்டினா ஃபோலியோசா என்னும் சதுப்புப் புல் இயற்கையாக வளர்ந்து வந்தது. 1970-களில் சதுப்புநிலத்தைச் சீராக்கும் நல்லெண்ணத்துடன், நாட்டின் கீழைக்கரையிலிருந்து ஆல்டர்னிஃப்ளோரா என்னும் அதன் உறவினத்தைக் கொணர்ந்து நட்டார்கள். இரண்டும் கலந்தன. பிறந்த கலப்பினம் பெற்றோரைவிட வேகமாகப் பரவி, கரைப்பறவைகள் இரைதேடும் சேற்றுவெளிகளையும் மூடத் தொடங்கியது. ஊர்ப்புல்லே அழிந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது.

2000-ல் அதை அகற்றும் திட்டம் தொடங்கிற்று. ஆனால் எதை அழிப்பது, எதை விடுவது? சில கலப்புச் செடிகள் பார்வைக்கு ஊர்ப்புல்லைப் போலவே இருந்தன. தவறாக விட்டுவைத்தால் தீங்கு மீண்டும் பரவும். தவறாக அழித்தால் காக்க வந்ததையே கொன்றவர்கள் ஆவோம். ஆகவே ஐயத்திற்குரிய செடிகளின் இலைகளை ஆய்வகத்திற்கு அனுப்பி, மரபணுக் குறிகளைப் பார்த்த பிறகே முடிவு செய்தார்கள்.

பிச்சாவரத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்கே மூன்றாவது மரம் பகையன்று, அரிய செல்வம். அது ஏராளமாகப் பூக்கிறது. முளைவிதை தருவதோ மிக அருமை. ஆதலால் விறகென்றும் வேலியென்றும் எண்ணி ஒன்றை வெட்டினால், அதன் இடத்தை நிரப்ப இன்னொன்று எளிதில் வராது. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்த பிறகு நம் கரையோரங்களில் அலையாத்திக் கன்றுகளை நடும் ஆர்வம் வளர்ந்துள்ளது. நடும் கை நன்று. எதை எங்கே நடுகிறோம் என்று அறிந்து நடும் கை அதனினும் நன்று.

படகில் கேள்வி கேட்ட மாணவியே! நீ காட்டிய கிளை அந்த மூன்றாவது மரமாக இருந்திருக்கலாம். ஆனால் கண்ணால் மட்டும் கண்டு அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதே நான் கற்ற பாடம். "இரண்டின் சாயலும் இருக்கிறதே" என்று நீ வியந்தாயே, அந்த இடத்திலிருந்துதான் அறிஞர்களும் தொடங்கினார்கள். அடுத்த முறை பிச்சாவரம் செல்லும்போது உன் குறிப்பேட்டை மறவாமல் எடுத்து வா.