பயில்முறை நாடக மன்றமும் அதன் ஆட்சி முறையும்

கலைகளுள் நாடகம் ஒருவர் தனித்திருந்து இயற்றக் கூடியதன்று. புலவன் ஏட்டோடும் ஓவியன் கிழியோடும் தனித்திருந்து தன் பணியை நிறைவேற்றலாம். நாடகமோ எழுதுவோர், பயிற்றுவோர், நடிப்போர், திரை இழுப்போர், ஒளியமைப்போர், வாயிலில் நின்று நுழைவுச் சீட்டு வாங்குவோர் ஆகிய பலரும் ஒரே வேளையில் ஒருங்கு கூடினாலன்றி நிகழாது. பலர் கூடுமிடத்து ஆட்சி என்பதொன்று தானே தோன்றும். கூலிக்கு நடிக்குங் குழுவில் அவ்வாட்சி எளிதிற் புலப்படுவது. பொருள் கொடுப்பவர் ஆள்வர், பெறுபவர் அடங்குவர். பகலெல்லாம் கந்தோரிலும் கடையிலும் உழைத்துவிட்டு, மாலையில் ஊதியம் எதுவுமின்றி ஒத்திகைக்கு வரும் ஆர்வலரால் இயங்கும் பயில்முறை மன்றத்திலோ அஃது அத்துணை எளிதன்று. எந்நாடகத்தை மேடையேற்றுவது? அதனைத் தேர்பவர் யாவர்? பணப்பெட்டியின் திறவுகோல் எவரிடத்து இருத்தல் வேண்டும்? பிறர் முடிவுக்கு ஒருவர் உடன்படாவிடின் அவர் நிலை யாது? இவ்வினாக்களுக்கு விடை காணாத மன்றம் எத்துணை நடிப்புத் திறன் வாய்ந்ததாயினும் நெடுநாள் நிலைப்பது அரிது.

இதனை விளக்குதற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோன்றிய இரு மன்றங்களின் வரலாறு பெரிதும் பயன்படும். ஒன்று அயர்லாந்தின் டப்ளின் நகரத்தது. மற்றையது அமெரிக்காவின் புறொவின்ஸ்ரவுண் என்னுங் கடற்கரையூரிற் பிறந்து நியூயோர்க்கிலே வளர்ந்தது. இரண்டும் ஊதியம் பெறாத ஆர்வலரால் தொடங்கப்பெற்றவை. இரண்டும் உறுப்பினரின் வாக்கைக் கொண்டு நாடகங்களைத் தேர்ந்தவை. பின்னர் ஒன்று அவ்வுரிமையைச் சிலர் கையில் ஒப்புவித்தது. மற்றையது இயன்றவரை அதனைப் பேண முயன்றது. இரண்டும் தத்தம் முடிவுக்குரிய விலையைக் கொடுத்தன.

டப்ளின் நகரிலே வில்லியம் ஃபே, பிராங் ஃபே என்னும் உடன்பிறந்தார் இருவர் ஒரு சிறு நடிகர் குழுவை நடத்தி வந்தனர். மூத்தவர் எழுதுவினைஞர், இளையவராகிய வில்லியம் மின்தொழில் அறிந்தவர். அவர்தம் குழுவினரும் பகலில் வேறு தொழில் செய்து மாலையில் ஒத்திகை பார்த்தவரே. 1902ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் இக்குழு கவிஞர் யேற்ஸ் அவர்களின் நாடகமொன்றையும் ஜோர்ஜ் றஸ்ஸல் அவர்களின் நாடகமொன்றையும் மேடையேற்றிப் புகழ் பெற்றது. மறு ஆண்டில் அஃது ஐரிஷ் தேசிய நாடகக் கழகம் என விரிவுற்றது. யேற்ஸ் தலைவரானார், உறுப்பினர் அனைவரும் குரல் உடையவராயினர். வந்த நாடகத்தை வாசிப்புக் குழுவொன்று ஆராயும். அதன்பின் உறுப்பினர் கூட்டம் ஏற்றல் வேண்டும். நடிப்பவரும் எழுதுபவரும் ஒரே நிரையில் அமர்ந்து வாக்களித்தனர்.

இவ்வமைப்பின் வலிமையும் மெலிவும் அவ்வாண்டிலேயே வெளிப்பட்டன. 1903 ஒக்ரோபரில் சிஞ் என்பவர் எழுதிய 'பள்ளத்தாக்கின் நிழலில்' என்னும் நாடகம் மேடையேறிற்று. முதிய கணவனை விட்டு வழிப்போக்கன் ஒருவனோடு நீங்கும் இளம் மனைவியின் கதை அது. அயர்லாந்துப் பெண்மையை அஃது இழிவு செய்வதாகச் சிலர் கருதினர். உதவித் தலைவருள் ஒருவரான மோட் கொன் அம்மையார் விலகினார். சிறந்த நடிகர் இருவரும் விலகினர். கழகம் நாட்டு விடுதலைக்குத் தொண்டு செய்தல் வேண்டும் என்பாரும், கலை தன் வழியே செல்லல் வேண்டும் என்பாரும் ஒரே கூட்டத்தில் இருந்தமையே இதற்குக் காரணம். நோக்கம் யாதென முதலில் தெளியாத மன்றம் நாடகந்தோறும் அவ்வினாவை எழுப்பிப் பூசலிட நேரும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

அடுத்து வந்தது பொருள் பற்றிய முடிவு. தேயிலை வாணிகத்தாற் செல்வமெய்திய குடும்பத்துப் பெண்மணியாகிய அன்னி ஹோர்னிமன் என்னும் ஆங்கிலேயர், அபி வீதியிலிருந்த பழைய மண்டபமொன்றைத் தம் செலவிற் புதுக்கி, கழகத்தார் வாடகையின்றிப் பயன்படுத்துமாறு அளிக்க முன்வந்தார். 1904 டிசெம்பர் 27ஆம் நாள் அபி அரங்கு திறக்கப்பட்டது. ஆயின் கொடையோடு கட்டுப்பாடும் வந்தது. ஆறு பென்சு இருக்கைகள் கூடா என அவர் விதித்தமையால் குறைந்த கட்டணம் ஒரு ஷில்லிங் ஆயிற்று. எளிய மக்களை அவ்விதி வாயிலிலேயே நிறுத்திற்று. அரசியல் அரங்கினுள் நுழைதல் ஆகாது என்பதும் அவர் கருத்து. தேசிய நாடகத்தின் பொருட்டுக் கூடியோர் இதனால் மனங் கலங்கினமை வியப்பன்று.

1905ஆம் ஆண்டில் பெருந்திருப்பம் நேர்ந்தது. நடிகர் சிலர்க்கு நிலையான ஊதியம் அளிக்க ஹோர்னிமன் அம்மையார் உடன்பட்டார். ஊதியம் வந்த அவ்வேளையிலேயே வாக்குரிமை சென்றது. கழகம் வரையறுத்த கடப்பாடுடைய கம்பனியாக மாற்றப்பட்டது. யேற்ஸ், கிறகரிச் சீமாட்டியார், சிஞ் ஆகிய மூவரும் பணிப்பாளராயினர். பங்குகளின் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. நாடகத் தேர்வு அன்றுதொட்டு மூவர் உரிமையாயிற்று. நட்பினாற் கூடிய குழுவிலே தாம் இனி வேலையாட்களே எனக் கண்ட பலர் வெளியேறினர். அவருட் பாட்றிக் கொலம் என்னும் நாடகாசிரியரும் இருந்தார். வெளியேறியோர் 1906இல் 'அயர்லாந்து அரங்கு' என வேறொரு மன்றங் கண்டனர்.

இம்மாற்றம் தகுமா என்பதற்கு எளிதில் விடை கூறல் இயலாது. 1907 சனவரி 26ஆம் நாள் சிஞ் எழுதிய 'மேற்றிசை உலகின் விளையாட்டுப் பிள்ளை' அரங்கேறியபோது அவையிற் பெருங் குழப்பம் மூண்டது. பணிப்பாளர் நாடகத்தை நிறுத்த மறுத்து, வாரம் முழுதும் ஆடச் செய்தனர். அதன்பின் அதே அரங்கிற் பொதுவிவாதமொன்று கூட்டி, எதிர்த்தோரும் வந்து பேச இடமளித்தனர். பழைய வாக்குமுறை நீடித்திருப்பின் அந்நாடகம் மேடைக்கு வந்திருக்குமா என்பது ஐயமே. இன்று அஃது உலகம் போற்றும் நாடகங்களுள் ஒன்று. 1908இல் வில்லியம் ஃபே நடிகர்மீது தமக்கு முழு அதிகாரம் வேண்டுமெனக் கேட்டார், பணிப்பாளர் மறுத்தனர், குழுவைத் தோற்றுவித்த உடன்பிறந்தார் இருவரும் அரங்கை நீங்கினர். சிலர் ஆட்சி வெளியாரின் ஆரவாரத்துக்கு அஞ்சாதிருந்தது. உள்ளேயிருந்து உழைத்தாரின் மனத்தாங்கலைத் தீர்க்கவோ அதனால் இயலவில்லை.

அச்சிலர் கையிலிருந்த அதிகாரம் பிற்காலத்தும் இருமுகங் காட்டிற்று. 1910 மே மாதத்தில் ஏழாம் எட்வேட் மன்னர் இறந்த மறுநாள் அபி அரங்கு மூடப்படவில்லை. மூடுவதோ எனக் கேட்டு முகாமையாளர் அனுப்பிய தந்திக்கு விடை காலங் கடந்தே வந்தது. இதனை அரசியற் செயலெனக் கொண்ட ஹோர்னிமன் அம்மையாரின் உதவி நின்றது. 1925இல் புதிய ஐரிஷ் அரசு 850 பவுண் மானியம் வழங்கிற்று. அரசு நியமித்த பணிப்பாளர் ஒருவரும் சபையில் அமர்ந்தார். ஷோன் ஓகேசியின் 'கலப்பையும் விண்மீன்களும்' நாடகத்தின் சில பகுதிகளுக்கு அவர் தடை கூறியபோது, யேற்சும் கிறகரிச் சீமாட்டியாரும் இணங்க மறுத்தனர். 1926இல் நாடகம் மேடையேறிற்று. ஆயின் அதே பணிப்பாளர் சபை 1928இல் ஓகேசியின் 'வெள்ளிக் கிண்ணம்' நாடகத்தைத் தள்ளிவிட்டது. அரங்கினைப் பெருந் துன்பத்தினின்றும் மீட்ட ஆசிரியர் அதனாற் பகைத்து நின்றார். 1935இல் அதே மேடையில் அந்நாடகம் ஆடப்பட்டமை முன்னைய முடிவு பிழையென்பதை ஒப்புக்கொண்டதை ஒக்கும்.

இனி அமெரிக்க மன்றத்தை நோக்குதல் தகும். அபி நடிகர் 1911, 1912ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டிற் சுற்றி நடித்தனர். சிக்காகோ நகரில் அவர்தம் நடிப்பைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தோருள் ஜோர்ஜ் கிறாம் குக் என்பவரும் ஒருவர். அவரும் அவர் மனைவியாரும் நாடகாசிரியருமாகிய சூசன் கிளாஸ்பெல்லும் 1915ஆம் ஆண்டுக் கோடையிற் புறொவின்ஸ்ரவுணில் நண்பர் சிலரோடு கூடி, ஒரு வீட்டின் கூடத்திலே இரு சிறு நாடகங்களை ஆடினர். பின்னர் கடலுக்குள் நீண்ட துறைமேடை ஒன்றிலிருந்த பழைய மீன் கொட்டிலைத் தாமே துப்புரவு செய்து அரங்காக்கினர். மறு கோடையில் அங்கே யூஜின் ஓநீல் என்னும் இளைஞரின் நாடகம் முதன்முதலாக மேடையேறிற்று.

1916 செப்ரெம்பரில் அன்னார் கூடித் தம் மன்றத்துக்கு யாப்பு வகுத்தனர். குக் தலைவராகத் தெரிவானார். அமெரிக்கர் எழுதும் நல்ல நாடகங்களை, விலைபோகுமோ எனப் பாராது மேடையேற்றுவதே நோக்கம் என அதிற் பொறித்தனர். எழுதுவதாலோ நடிப்பதாலோ பிற உழைப்பாலோ மன்றத்துக்குப் பணி செய்பவரே செயல் உறுப்பினர். நாடகத் தேர்வு அவர்தம் வாக்கினால் நடைபெறும். ஆசிரியரே தம் நாடகத்தை நெறிப்படுத்துவார். செலவுக்கு வேண்டிய பொருள் பருவத்துக்கு முன்னரே சந்தா கொடுக்கும் அங்கத்தவரிடமிருந்து பெறப்படும். செல்வர் ஒருவரின் கொடையை நம்பாது பலருடைய சிறு தொகையை நம்பியமை டப்ளின் முறையினின்றும் இவர்கள் வேறுபட்ட இடமாகும். அவ்வாண்டுப் பனிக்காலத்தில் மன்றம் நியூயோர்க் நகரத்து மக்டூகல் வீதிக்குப் பெயர்ந்தது.

உறுப்பினர் எல்லாருங் கூடி நாடகம் வாசித்து வாக்களிப்பது சிறு ஊரிலே இனிதாயிருந்தது. பெருநகரிற் பருவமொன்றுக்குப் பல நாடகங்கள் வேண்டியபோது அது தாமதத்துக்கு இடமாயிற்று. ஆகவே தேர்வு வரவரச் சிறு குழுக்களிடஞ் சென்றது. நெறியாள்கை அறியாத ஆசிரியர் மேடையிலே தடுமாறினர். 1917 முதல் நீனா மொய்ஸ் என்னும் பயிற்சியுடைய பெண்மணி பல நாடகங்களை நெறிப்படுத்தினார். யாப்பின் எழுத்து ஒன்றாகவும் நடைமுறை வேறொன்றாகவும் அமைந்தன. எனினும் ஓநீலும் கிளாஸ்பெல்லும் ஆண்டுதோறும் எழுதிப் பழகும் பட்டறையாக அம்மேடை விளங்கிற்று. தோற்றாலும் மீண்டும் எழுதலாம் என்னும் துணிவை அது அவர்க்கு அளித்தது.

1920இல் ஓநீலின் 'பேரரசன் ஜோன்ஸ்' வந்தது. மேடையின் பின்புறத்தே சாந்தினாலாய குவிந்த வான்மாடம் அமைத்தல் வேண்டும் எனக் குக் விரும்பினார். பணமின்மை காட்டிப் பிறர் தடுத்தும், பெட்டியிலிருந்த பணத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டு அவர் அதனைக் கட்டத் தொடங்கிவிட்டார். நவம்பர் 1ஆம் நாள் நாடகம் அரங்கேறிற்று. தலைமைப் பாத்திரத்தைக் கறுப்பின நடிகர் சார்ள்ஸ் கில்பின் ஏற்றார். வெற்றி அளவு கடந்தது. நாடகம் புறோட்வே என்னும் வாணிக அரங்குகளுக்குச் சென்றது. எப்புறோட்வேக்கு மாறாக மன்றம் எழுந்ததோ அதுவே பின்னர் மன்றத்தாரின் நாட்டமாயிற்று. அவ்வாறு போகலாமா, வருவாய் எவர்க்கு உரியது, நடிகர் போனபின் இங்கே எஞ்சுவோர் யாவர் என்பன பற்றி யாப்பு ஒன்றும் கூறவில்லை. 1922இல் குக்கும் கிளாஸ்பெல்லும் கிரேக்க நாட்டுக்குச் சென்றனர். மன்றத்தின் பணி நின்றது. 1924 சனவரியில் குக் கிரேக்க மண்ணிலேயே மறைந்தார். அவ்வாண்டில் அதே அரங்கை மீண்டுந் திறந்தோர் ஆட்சியை மூவர் கையில் வைத்தனர். 1929இல் அதுவும் முடிவுற்றது.

இவ்விரு வரலாற்றையும் ஒப்புநோக்குவார்க்குச் சில உண்மைகள் தோன்றும். முதலாவது, ஊதியமின்றி உழைப்பவர்க்கு மன்றத்தில் உள்ள உரிமையே ஊதியம். அதனைப் பறிப்பவர் வேறொன்று கொடுத்தல் வேண்டும்; கொடுப்பினும் அதனை வேண்டாது செல்வார் சிலர் உளர். இரண்டாவது, நாடகத் தேர்வும் மன்ற ஆட்சியும் ஒன்றல்ல. கலைத் தீர்ப்புக்குத் தெளிந்த சிலர் போதும். யாப்பு, பணம், நோக்கம் ஆகியவற்றுக்கோ அனைவர் வாக்கும் வேண்டும். டப்ளினார் இரண்டையும் சிலர்க்கே அளித்து உழைப்பாரை இழந்தனர். புறொவின்ஸ்ரவுணார் இரண்டையும் பலர்க்கே அளித்து, ஈற்றில் ஒருவர் தம் துணிவால் விதியைக் கடத்தலைத் தடுக்க வகையற்றனர். தேர்வோர் குழுவைக் குறித்த காலத்துக்கு அமர்த்தி, பருவ முடிவிற் பொதுக்கூட்டத்துக்கு விடை கூறச் செய்வது இவ்விரு தீங்குக்கும் இடைவழியாகும். மூன்றாவது, கொடையை ஏற்குமுன் அதனோடு வருங் கட்டளைகளை எழுத்திற் பெற்று உறுப்பினர்முன் வைத்தல் வேண்டும். நான்காவது, தோல்விக்கு ஆயத்தமாயிருப்போர் வெற்றிக்கும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

யாப்பு என்பது ஒருமுறை எழுதிப் பெட்டியில் வைப்பதன்று. 1905இல் அமைந்த டப்ளின் கம்பனியே நூறாண்டு நின்று, பணமுடை மிகுந்த 2005இல் அதனைக் கலைத்துப் புதிய அமைப்பை நிறுவ முடிவாயிற்று. அரங்கோ இன்றும் நடைபெறுகின்றது. சிறியதாயிருந்த நாளிற் பொருந்திய விதி வளர்ந்த நாளிற் பொருந்தாமை இயல்பே. அதனை மாற்றுதல் குற்றமன்று. உழைத்தவர் அறியாமல் மாற்றுதலே குற்றம். திரை விழுந்தபின் இருக்கைகளை அடுக்கி மண்டபத்தைப் பெருக்குபவர், அடுத்த நாடகம் யாதென்பதைத் தாம் சுவரொட்டியிற் கண்டு அறியும் நிலை வருமாயின், அம்மன்றம் தன் ஆர்வலரை இழக்கத் தொடங்கிவிட்டது எனலாம்.