பெட்டி இழுக்கும் எஞ்சின் ஏன் கொதிக்கிறது?

அறுவடைக் காலத்தில் வன்னி வீதிகளில் நாம் அடிக்கடி காண்பது இது. நெல் மூடைகள் ஏற்றிய பெட்டியுடன் உழவு இயந்திரம் ஓரமாக நிற்கும். றேடியேற்றரிலிருந்து ஆவி எழும்பும். சாரதி வாளியுடன் வாய்க்காலைத் தேடி ஓடுவார். பலமுறை இடம்பெயர்ந்த குடும்பமொன்றுக்கு மிஞ்சிய ஒரே முதல் அந்த இயந்திரமாக இருக்கலாம். சிலிண்டர் ஹெட் வெடித்தால் ஒரு போகத்து வருமானமே போய்விடக்கூடும்.

டீசல் எரிந்து வரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மீதி வெப்பமாக வெளியேறவேண்டும். 65 கிலோ மூடைகள் 40 ஏற்றினால் 2,600 கிலோ; பெட்டியின் பாரம் வேறு. இதை மேல் கியரில் இழுத்தால் எஞ்சின் திணறி மெதுவாகச் சுற்றும். விசிறியும் தண்ணீர்ப் பம்பும் அதனோடு சேர்ந்து மெதுவாகும். வெப்பம் கூடுகின்ற நேரத்தில் குளிர்ச்சி குறைந்துவிடுகிறது. ஆகவே ஏற்றத்துக்கு முன்னரே கியரைக் குறையுங்கள். பெட்டியின் ரயர்களில் காற்றுக் குறைந்திருந்தாலும் பாரம் கூடியதுபோலத்தான்.

சூடடித்த வயலிலிருந்து வரும் இயந்திரத்தின் முன்வலையைப் பாருங்கள். பதரும் வைக்கோல் தூசியும் அடைத்திருக்கும். விசிறிப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவவேண்டும். பான் பெல்ற் தொய்ந்திருந்தால் இறுக்குங்கள்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தின் கிணற்று நீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எமது தாய்மார் அறிவர். அதே படிவு எஞ்சினுக்குள்ளும் பிடிக்கும். கூலன்ற் வாங்க வசதியில்லாதவர்கள் மழைநீரை வடித்துச் சேர்த்து வைத்தாவது ஊற்றலாம்.

சில லாண்ட்மாஸ்டர்களில் றேடியேற்றர் இல்லை, திறந்த தண்ணீர்த் தொட்டிதான் உண்டு. அவற்றில் ஆவி பறப்பது இயல்பு, பயப்படத் தேவையில்லை. மிதவை கீழிறங்கும்போது தண்ணீர் விட்டால் போதும்.

றேடியேற்றர் உள்ள எஞ்சின் கொதித்துவிட்டால் மூடியில் கைவைக்க வேண்டாம். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்தவுடன் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். சூடான எஞ்சினில் குளிர்நீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கலாம். மேல்குழாயைக் கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறும்வரை பொறுத்திருந்து, பின்னர் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். திரும்பவும் ஸ்ராட் பண்ணுமுன் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பாலைப்போல வெளுத்திருந்தால் தண்ணீர் அதற்குள் கலந்துவிட்டது. எஞ்சினை இயக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்; மூடைகளை வேறொரு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.