சில்லு சொல்லும் எழுத்து

உமிழ்நீரைக் குப்பியில் அடைத்து அனுப்பினால், மரபணு அறிக்கை இன்று கடையநல்லூர் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதில் ஒரு மரபணுவுக்கு எதிரே ‘ஏ, ஜி’ என இரண்டு எழுத்துகள். அருகே ‘நோய் அபாயம்’ என்னும் குறிப்பு. ஒரு குடும்பம் உறக்கம் இழக்க இதுவே போதும்.

அவ்வெழுத்துகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை அறிந்துகொள்வது நலம். பரிசோதனைச் சில்லில் பல இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மனிதருக்கு மனிதர் மாறுபடும் ஓரிடத்தைச் சோதிக்கிறது. அங்கே தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாக நமக்கு இரண்டு அல்லீல்கள் உண்டு. ஒரு வகை அல்லீலுக்கு ஒரு நிறமும் மறுவகைக்கு வேறு நிறமும் ஒளிரும். கருவி அளப்பது அந்த ஒளியை மட்டுமே. எழுத்தை அது காண்பதில்லை. பலருடைய அளவுகளை ஒரே வரைபடத்தில் இட்டால் அவை மூன்று கூட்டங்களாகத் திரளும்: இரண்டும் முதல் வகை, இரண்டும் மறுவகை, இரண்டும் கலந்தவை. உங்கள் அளவு எந்தக் கூட்டத்தில் விழுகிறது என்று பார்த்தே மென்பொருள் எழுத்தைத் தீர்மானிக்கிறது. எதிலும் சேராவிடில் விடையின்றி விட்டுவிடும். அறிக்கையில் அத்தகைய வெற்றிடம் இருந்தால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறு. இலட்சத்தில் ஒருவருக்குக்கூட இல்லாத மாற்றமாயின், ஒப்பிட்டுப் பார்க்கக் கூட்டமே அமையாது. சற்று விலகி விழுந்த அளவை மென்பொருள் நோய் மாற்றமென்று எழுதிவிடக்கூடும். பிரிட்டனில் ஏறத்தாழ 50,000 பேரின் சில்லு முடிவுகளை, மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வரிசையறிதல் முடிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளிவந்தது. மிக அரிய மாற்றங்களில், சில்லு ‘உண்டு’ என்றவற்றுள் 16 விழுக்காடே மெய். மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களின் அரிய நோய் மாற்றங்களில் அது வெறும் 4 விழுக்காடு. ‘இல்லை’ என்பதையும் நம்பியிருக்க இயலாது. மெய்யாகவே இருந்த மாற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே சில்லு கண்டறிந்தது.

உலகில் அரிதான மாற்றம் ஒரு சமூகத்தில் பரவலாக இருப்பதும் உண்டு. வைசிய சமூகத்தாரிடையே காணப்படும் பி.சி.எச்.இ. மரபணு மாற்றம் அத்தகையது. அறுவையின்போது தரப்படும் சக்சினைல்கோலின் என்னும் தசைத்தளர்வு மருந்தின் விளைவு அவர்களுள் சிலருக்கு நெடுநேரம் நீடிக்கும். ஆகவே சமூகத்தையும் உறவுமுறைத் திருமணங்களையும் பற்றி மருத்துவர் வினவினால் தயங்காமல் கூறுங்கள்.

சில்லு முடிவை மட்டும் நம்பி அறுவைக்கு ஒப்புதல் தர வேண்டாம். புதிய இரத்த மாதிரியில் வரிசையறிதல் வழியாக முடிவு உறுதிசெய்யப்பட்டதா என்று கேளுங்கள். வரும்போது தாய்வழி, தந்தைவழி உறவினருள் யாருக்கு எந்த வயதில் புற்றுநோய் வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்.